ஹேர் டிரையரும் 8 கோரும்

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக் கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் மட்டும் என்மேல் கோபமாக இருக்கிறாள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

"ஒரு சிப் எவ்வளவு பவர் தின்னும்னு டேட்டாஷீட்லயே போட்டிருக்க மாட்டானா, அதை அளக்க உனக்குச் சம்பளமா?" என்று கேட்டிருந்தாய். எங்கள் போர்டில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி6678. ஒரே சிப்புக்குள் 8 டிஎஸ்பி கோர், அதாவது சிக்னல் கணக்குகளைப் போடுகிற எட்டு குட்டிப் பிராசசர். எட்டும் மூச்சுவிடாமல் எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கிற கனமான வேலை) போட்டால் ஒரு கணக்கு. மெமரியிலிருந்து டேட்டா வரட்டும் என்று பாதி கோர் கைகட்டி நின்றால் வேறு கணக்கு. அதனால்தான் இதற்கென்று ஒரு எக்செல் தாள் தருகிறார்கள். எந்தக் கோர் எத்தனை சதவீதம் வேலை செய்யும், கிளாக் வேகம் என்ன, வெப்பநிலை என்ன என்று நிரப்பினால் ஒரு மதிப்பீடு வரும். நிரப்புகிற நமக்கே அந்தச் சதவீதம் தெரியாது என்பதுதான் கூத்து.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று கோர்களுக்குக் கரண்ட் வருகிற வழியில் 1 மில்லிஓம் ஷன்ட் ஒன்றைப் போட்டேன். ஷன்ட் என்பது மிகச் சிறிய ரெசிஸ்டர்; அதில் விழுகிற வோல்ட்டேஜைப் பார்த்துக் கரண்ட்டைக் கணக்கிடலாம். 10 ஆம்பியர் ஓடினாலும் அதில் விழுவது 10 மில்லிவோல்ட்தான். முதல் நாளே மதிப்பீட்டைப் போல ஒன்றரை மடங்கு காட்டியது! இரண்டு நாள் சாஃப்ட்வேர் பையன்களைத் திட்டினேன். தப்பு என்னுடையது. மீட்டர் முனையை ஷன்ட்டிலிருந்து சற்றுத் தள்ளி, தாமிரத் தடத்தில் வைத்திருந்தேன். 35 மைக்ரான் தடிமன் தாமிரத்தில் ஒரு சதுரத் துண்டே அரை மில்லிஓம் வரும், அதுவும் ஷன்ட்டோடு சேர்ந்துவிட்டது. காலேஜில் மூன்றாம் வருஷம், மிகச் சிறிய ரெசிஸ்டன்ஸை அளக்கிற கெல்வின் டபுள் பிரிட்ஜ் நம்மை அழ வைத்ததே, அதே பாடம்தான்: கரண்ட் போகிற முனை வேறு, வோல்ட்டேஜ் பார்க்கிற முனை வேறு. அப்புறம் ஷன்ட்டின் உள்விளிம்பிலேயே இரண்டு மெல்லிய வயர்களைச் சால்டர் வைத்து, முறுக்கி வெளியே எடுத்தேன். எண் ஒழுங்குக்கு வந்தது.

ஆனாலும் காலையில் ஒரு எண், ஏசி நின்றுபோன மத்தியானத்தில் ஒரு எண். அதே புரோகிராம், அதே கிளாக். இது கசிவு. டிரான்சிஸ்டர் அணைந்திருந்தாலும் கொஞ்சம் கரண்ட் கசியும். சூடு ஏறினால் கசிவு மடமடவென்று ஏறும், கசிவு ஏறினால் சூடு இன்னும் ஏறும். இதைப் பிரித்தெடுக்க ஒரு வழி உண்டு. வோல்ட்டேஜை மாற்றாமல் கிளாக்கைப் படிப்படியாகக் குறைத்து, பவரைக் கிராஃபில் போட்டுக் கோட்டை நீட்டினால், பூஜ்யக் கிளாக்கிலும் மிச்சம் நிற்கிற வாட்தான் கசிவு. ஆனால் கிளாக் குறைந்ததும் சிப் ஆறிவிடுகிறது, கோடு வளைந்துவிடுகிறது. அதனால் சிப்பின் சூட்டை வெளியே தள்ளுகிற ஹீட் சிங்க்கில், வெப்பநிலை காட்டும் தெர்மோகப்பிளை ஒட்டிவிட்டு, ஹேர் டிரையரைக் கிட்டே கொண்டுபோவதும் தள்ளுவதுமாக வெப்பநிலையை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க நின்றேன். தோசை வார்ப்பதைவிடச் சிரமம், போ.

போர்டுக்குப் போர்டு வித்தியாசம் வேறு. ஒவ்வொரு சிப்புக்கும் எத்தனை வோல்ட் வேண்டும் என்று ஃபேக்டரியிலேயே அதற்குள் எழுதிவிடுகிறார்கள். ஸ்மார்ட்ரிஃப்ளெக்ஸ் என்று பெயர். சுறுசுறுப்பான சிப் குறைந்த வோல்ட்டில் ஓடும். ஓடும்போது செலவாகும் பவர் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 1 வோல்ட்டிலிருந்து 0.9க்கு இறங்கினால் அதில் 19 சதவீதம் மிச்சம். ஆனால் சுறுசுறுப்பான சிப்தான் அதிகம் கசியும். நம் வகுப்பில் சிலர் ஞாபகத்துக்கு வருகிறார்கள், பெயர் வேண்டாம்.

மேனேஜருக்கு ஒரே ஒரு எண் வேண்டுமாம். மூன்று போர்டுக்கும் சேர்த்து ஒரு அட்டவணை கொடுத்தேன். "இதுல எதை எடுத்துக்கிறது?" என்றார். ஹீட் சிங்க்குக்கு என்றால் சூட்டில் அளந்ததில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளருக்குச் சொல்ல என்றால் எத்தனை கோர், எத்தனை டிகிரி என்று கூடவே எழுதுங்கள் என்றேன். முகம் சுளித்தார். எழுதிவிட்டார்.

அந்த ஹேர் டிரையர் சின்னவளுடையது. பத்து நாளாக லேபில் கிடக்கிறது, முனை வேறு லேசாக உருகியிருக்கிறது. புதிது வாங்கித் தரும்வரை பேச மாட்டாளாம்.

நீ பாடம் நடத்துகிற காலேஜ் லேபில் அந்தக் கெல்வின் பிரிட்ஜ் இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
வசந்தி