துஷ்டி வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழின் கேள்வி பதில் பகுதியில் ஒரு பெண் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. "மாமனார் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த வருடம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா? பிள்ளைகள் ஸ்டார் கட்டச் சொல்லி அழுகிறார்கள்" என்று கேட்டிருந்தார். "குடும்பத்துப் பெரியவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்" என்று பதில் வந்திருந்தது. பதில் எழுதியவர்மேல் எனக்குக் குறை இல்லை. வீட்டில் சண்டை வரக்கூடாது என்று நினைத்திருப்பார். ஆனால் அதே கேள்வியோடு போன டிசம்பரில் நானும் உட்கார்ந்திருந்தேன். நானும் ஒரு குடும்பத்துக்குப் பெரியவள்தான், வயது 67. அந்தப் பெண்ணுக்கு என் பதிலையும் நீங்கள் பிரசுரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர்ப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக 34 வருடம் வேலை பார்த்தேன். என் கணவர் பேருந்து ஓட்டுநர். போன வருடம் ஆகஸ்டில் இறந்துபோனார். காலையில் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் செம்பைக் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறும். இப்போது எல்லாரும் கடையில் வாங்குகிறார்கள். அவர் ஒருபோதும் வாங்கியதில்லை. நவம்பர் கடைசியில் மூங்கிலைச் சீவிச் சட்டம் கட்டுவார். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) மாவில் பசை காய்ச்சித் தருவது என் வேலை. சிவப்பும் வெள்ளையுமாக வர்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து, வீட்டு முற்றத்து அயனி மரத்தில் ஏற்றுவார். பாழடைந்த கிணற்றின் கப்பியைக் கழற்றி அந்த மரக்கொம்பில் மாட்டியிருந்தார். கயிற்றை இழுத்தால் ஸ்டார் அசைந்து அசைந்து மேலே போகும். 41 வருடம் அந்தக் கப்பிச் சத்தத்தோடுதான் எனக்கு டிசம்பர் பிறந்தது.

போன டிசம்பரில் சத்தம் இல்லை. துஷ்டி, அதாவது சாவு, நடந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் கட்டக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது, புதுத்துணி எடுக்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நானே எத்தனையோ வீட்டில் போய் உட்கார்ந்து, "ஒங்களுக்கு இந்த வருஷம் கிறிஸ்மஸ் இல்லியே" என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கிறேன். அதையே இப்போது எனக்கு வந்து சொன்னார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டியில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வந்தன. அன்பாகத்தான் தந்தார்கள். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

டிசம்பர் 19 இரவு, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் குழு வந்தது. தூரத்தில் டிரம் சத்தம் கேட்டதுமே என் பேரன் ஜன்னலுக்கு ஓடினான். அவன் என் மகளின் பையன், ஒன்பது வயது, என்னோடுதான் இருக்கிறான். பாட்டு ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்தது. எங்கள் மதில் தொடங்குகிற இடத்தில் டிரம் நின்றது. பாட்டும் நின்றது. கையிலிருந்த விளக்குகளைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பையன்கள் மெதுவாகக் கடந்துபோனார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மதில் முடிந்து அடுத்த வீட்டு வாசல் வந்ததும் பாட்டு மறுபடி தொடங்கியது. அவர்களில் பாதிப்பேருக்கு நான்தான் கைபிடித்து 'அ' எழுதக் கற்றுக் கொடுத்தேன். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் அப்படிச் செய்தார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் என் பேரன் திரும்பி, "ஆச்சி, இயேசு நம்ம வீட்டுக்கு வர மாட்டாரா?" என்று கேட்டான்.

34 வருடம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவள் நான். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அவன் தூங்கியபிறகு வேதத்தில் இயேசுவின் பிறப்பைச் சொல்கிற லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்தேன். மனப்பாடமாகத் தெரிந்த அதிகாரம்தான். மேய்ப்பர்களோடும், பிள்ளையைக் கிடத்திய முன்னணையோடும் எப்போதும் நிறுத்திக்கொள்வோம், கிறிஸ்துமஸ் நாடகமும் அங்கேயே முடிந்துவிடும். அன்றிரவு அதைத் தாண்டிப் படித்தேன். பிள்ளையை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டு வருகிறார்கள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத ஏழைகள் கொடுக்கிற புறாக் காணிக்கைதான் அவர்களுக்கு முடிந்தது. அங்கே அன்னாள் என்று ஒருத்தி இருக்கிறாள். ஏழே வருடம் புருஷனோடு வாழ்ந்தவள். ஏறக்குறைய 84 வயதான விதவை. அந்த நேரத்தில் அவள் வந்து நின்று கர்த்தரைப் புகழ்ந்து, எருசலேமில் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாருக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறது. நான் எத்தனையோ கிறிஸ்துமஸ் நாடகம் நடத்தியிருக்கிறேன். தேவதூதன் வேஷத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைகளை நிறுத்துவேன். ஒரு வருடம்கூட அன்னாளுக்கு ஒரு பிள்ளையை நிறுத்தியதில்லை.

முதல் கிறிஸ்துமஸில் துக்கமும் இருந்தது. ஏரோது ராஜா பெத்லகேமின் பிள்ளைகளைக் கொன்றதையும், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுததையும் மத்தேயு இதே கதைக்குள்தான் எழுதுகிறார். 'பயப்படாதிருங்கள்' என்று தூதன் சொன்னது பயந்து கிடந்தவர்களிடம். 'எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி' என்றுதான் சொன்னான். அந்த 'எல்லா' என்ற சொல்லிலிருந்து துஷ்டி வீட்டை வெட்டி எடுத்தது யார்? எங்கள் போதகரிடம் கேட்டேன். சபைச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை, ஊர் வழக்கம்தான் என்றார்.

ஊர் வழக்கம் என்றால் எங்கள் மண்ணுக்கு ஒரு பழைய கதை உண்டு. தென் திருவிதாங்கூரில் எங்கள் முன்னோர் பெண்கள் தோளில் துணி போடக் கூடாது என்பதும் ஊர் வழக்கம்தான். 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் துணி போட்டு வந்த பெண்களைச் சந்தையில் மறித்து, துணியைக் கிழித்து அடித்தார்கள். ஜெபவீடுகளைக் கொளுத்தினார்கள். அந்த டிசம்பரில் அவர்கள் என்ன மனசோடு கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போயிருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன். 1859 ஜூலை 26இல், தோளை மறைக்கலாம் என்று அரசர் அறிக்கை வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அதற்கும் முன்னால், 1820களில், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனெரி அம்மா பெண்பிள்ளைகளுக்கு லேஸ் தையல் கற்றுக்கொடுத்தார். அவர்களில் அடிமைப் பிள்ளைகளும் இருந்தார்கள். லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்து வைத்து, எஜமானுக்குக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல்தான். என் பாட்டிக்கும் லேஸ் தெரியும். மடியில் தலையணையை வைத்து, வரைந்த கோட்டின்மேல் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவாள். வேலை செய்துகொண்டே ஜெபிப்பாள். 'கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்' என்று கலாத்தியரில் வருகிற வசனத்தை எனக்குச் சொல்லித் தந்தது அவள்தான். சுயாதீனம் என்றால் என்ன ஆச்சி என்று கேட்டேன். "நிமிந்து நடக்கியதுதான் மக்களே" என்றாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துக்கத்தில் இருப்பவர்களைப் பிடித்திழுத்துச் சிரிக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்டதை எங்கள் மாவட்டம் மறக்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. வருவார்களா மாட்டார்களா என்றுகூடத் தெரியாமல் கரையில் நின்றவர்களிடம் போய் ஸ்டார் கட்டு என்று எவன் சொல்வான்? கட்ட மனசில்லாதவர் கட்ட வேண்டாம். அழவேண்டியவர் அழட்டும். கட்ட மனசுள்ளவளைப் பார்த்து உனக்கு இல்லை என்று சொல்வதுதான் தவறு. சாவு தொட்ட வீடு தீட்டு என்கிற பழைய நினைப்பு இன்னும் நமக்குள் ஒளிந்திருக்கிறது. இயேசுவோ, நாயீனூரில் ஒரு விதவையின் இறந்துபோன மகனை ஊரார் சுமந்துகொண்டு போனபோது கிட்டப் போய்ப் பாடையைத் தொட்டவர்.

டிசம்பர் 22 காலையில் பேரனைக் கூப்பிட்டுப் பரணில் இருந்த பழைய ஸ்டாரை இறக்கினேன். இரண்டு முனையில் காகிதம் கிழிந்திருந்தது. பசை காய்ச்சினேன். காகிதத்தை அவன் ஒட்டினான். மஸ்கட்டில் இருக்கிற மகன் போனில், "அம்மா, அப்பா போய் நாலு மாசம்தான் ஆச்சு. ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்க?" என்றான். "ஒங்க அப்பா கட்டின ஸ்டார்லே இது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பல்பு எரிகிறதா என்று கேட்டான். சாயங்காலம் கயிற்றை நானும் பேரனும் சேர்ந்து இழுத்தோம். எனக்குக் கை நடுங்கியது. கப்பி கிறீச்சிட்டதும் நான் வாய்விட்டு அழுதேன். அவர் இறந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அழுது முடித்தபோது நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. சந்தோஷம் என்று வேதம் சொல்வது இதையும் சேர்த்துத்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. கண்ணீர் நின்றபிறகுதான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். அதோடு கூடவே வந்தது.

மறுநாள் என் கணவரின் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வயது 81. ஸ்டார் விஷயம் அதற்குள் அங்கே போய்விட்டது. முற்றத்தில் நின்று மரத்தையே வெகுநேரம் பார்த்தார்கள். திட்டப்போகிறார்கள் என்றுதான் நின்றேன். "மைனி, உள்ளே வாங்க" என்றேன். வரவில்லை. அவர்களுக்கு 29 வயதில் புருஷன் போனது. அதிலிருந்து கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பழைய வெள்ளைச் சேலையோடு ஆராதனையின் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போகிறவர்கள். அது அவர்களுடைய சுபாவம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"எனக்கு அந்த வருஷம் கிறிஸ்மஸ் இல்லேன்னு எல்லாரும் வந்து சொன்னாவ" என்றார்கள். "பொறவு உண்டுன்னு ஒருத்தரும் வந்து சொல்லல, பிள்ளே."

52 வருடம். நான் அவர்கள் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் பாசிப்பயறு இருந்தது, கருப்பட்டி இருந்தது. வறுத்துத் திரித்து, தேங்காய் சேர்த்துப் பாகில் பிடித்து, மூன்று மூன்றாக மாவில் முக்கி எண்ணெயில் போட்டு முந்திரிக்கொத்து செய்தோம். பாகு பதம் அவர்கள்தான் பார்த்தார்கள். கை மறக்கவில்லை.

25ஆம் தேதி விடியற்காலை ஆராதனைக்கு இரண்டுபேரும் சேர்ந்து போனோம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு வந்தபோது மைனி எல்லா அடியையும் புத்தகம் இல்லாமல் பாடினார்கள்.

கேள்வி கேட்ட அந்தச் சகோதரிக்கு: ஸ்டார் கட்டுங்கள் அம்மா. உங்கள் மாமனார் பேரைச் சொல்லிக் கட்டுங்கள். பிள்ளைகள் அழுதால் நீங்களும் சேர்ந்து அழுங்கள். கேரல் போகிற வாலிபர்களுக்கும் ஒரு விண்ணப்பம். துஷ்டி வீட்டு வாசலில் டிரம் அடிக்க வேண்டாம், சரி. ஆனால் பாட்டை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். முன்கூட்டியே ஒரு ஆள் போய், "வரலாமா?" என்று கேட்டுவிட்டு, மெதுவாக ஒரு பாட்டுப் பாடி ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போங்கள். முடிந்தால் அந்த வீட்டுக்கே முதலில் போங்கள்.

இந்த வருடம் கப்பிக்கு எண்ணெய் போட்டாயிற்று. புது ஸ்டாரின் சட்டத்தைப் பேரனே கட்டினான். ஒரு முனை கொஞ்சம் கோணல், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேரல் வருகிற இரவில் வாசல் விளக்கைப் போட்டு, சுக்குக்காப்பி காய்ச்சி வைத்துவிட்டு, மைனியும் நானும் திண்ணையில் உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.

(மைனியின் கதையை அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதினேன். பேர் மட்டும் வேண்டாம் என்றார்கள். ஆகவே என் பெயரையும் போட வேண்டாம்.)