பிடாடரி சைட்டிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாயிருக்க ஆவுடையார்கோயில் ஆத்மநாதர் துணை.

அப்பாவை அடக்கம் பண்ணிய இடத்தில் கிரானைட்டில் சமாதி எழுப்பக் கொத்தனாரிடம் பேசிவிட்டதாகப் போனில் சொன்னீர்கள். போனில் பதில் சொன்னால் சண்டையில் முடியும். அதனால்தான் கடிதம்.

இங்கே சிங்கப்பூரில் நாங்கள் இப்போது பிடாடரி என்ற இடத்தில் அரசாங்க அடுக்குமாடி வீடு கட்டுகிறோம். முன்பு இது பெரிய இடுகாடு. 1972இல் மூடி, 2001 முதல் 2006 வரை தோண்டி எடுத்திருக்கிறார்கள். கிறித்தவர் கல்லறை 58 ஆயிரம், முஸ்லிம்களுடையது 68 ஆயிரம். நம்மவர்களுக்கும் ஒரு பகுதி இருந்ததாம். பக்கத்து உட்லீ ரயில் நிலையத்தை எப்போதோ கட்டிவிட்டார்கள். 2003இல் ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் சுற்றிலும் குடியிருக்க ஆளில்லையென்று 2011 வரை நிலையத்தைத் திறக்கவில்லை. இன்றைக்குப் பார்த்தால் ஸ்ட்ரோலரில் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை. இப்போது இந்த நாட்டில் புதைக்க சுவா சூ காங் இடுகாடு மட்டும்தான். அங்கேயும் 1998இல் போட்ட விதிப்படி 15 வருஷம்தான் தவணை. அதற்குப்பின் தோண்டி எடுத்து, எரிக்கலாம் என்கிற மதத்தார் என்றால் எரித்து அஸ்தியைக் கொடுப்பார்கள். புதைத்தே ஆகவேண்டியவர்களுக்குச் சின்ன இடமாகப் பார்த்து மறுபடி புதைப்பார்கள். முதலில் கேட்டபோது மனசு சங்கடப்பட்டது. இப்போது இல்லை.

தினமும் காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்து சூப்பர்வைசர் பேசுவார். மேலே ஏறினால் முதலில் பெல்ட் கொக்கியை மாட்டு, கீழே ஆள் நிற்கிறானா பார், தூக்கிய பாரத்துக்கு அடியில் போகாதே. ஒரு வரியிலும் சாவு என்று சொல்லமாட்டார், ஆனால் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. பையன்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். கொக்கி 'க்ளிக்' என்று விழும்போது மனசுக்குள் ஒருமுறை 'நமசிவாய' சொல்வேன். விடியுமுன் லாரியில் வரும்போதும் சொல்வேன், தூங்கி வழியாத நாட்களில். ஞாயிற்றுக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனாலும் இந்தக் கொக்கிச் சத்தத்தில் வருகிற நினைப்பு அந்தக் கூட்டத்தில் வருவதில்லை.

அப்பா ஆயுசு முழுக்கக் கும்பிட்டது ஆத்மநாதரை. கருவறையில் லிங்கம்கூட இல்லை, அதன் பீடமான ஆவுடை மட்டும். நைவேத்தியமும் சோற்று ஆவிதான். உருவமே வேண்டாமென்ற சாமியிடம் போன மனுஷனுக்குப் பளபளக்கும் கல் எதற்கு? ஊரார் பார்க்கவேண்டும் என்பது உங்கள் ஆசை. கோபிக்காதீர்கள், எனக்கு அப்படித்தான் படுகிறது.

அம்மா திருவண்ணாமலை கிரிவலம் போகவேண்டுமென்று அப்பா இருக்கும்போதே கேட்டுக்கொண்டிருந்தது. அறுப்பு முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று நாம்தான் தள்ளினோம். 14 கிலோமீட்டர். முழங்கால் இன்னும் தாங்குகிறது, அடுத்த வருஷம் யார் கண்டது? நான் அனுப்பிய பணத்தை அதற்கு வையுங்கள். மாசியில் எனக்கு லீவு. பௌர்ணமிக் கூட்டம் வேண்டாம், சாதாரண நாளில் விடியுமுன் கிளம்பி, அஷ்டலிங்கத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். நீங்களும் அண்ணியும் கட்டாயம் வரவேண்டும். அம்மாவுக்குப் புதுச்செருப்பு எதுவும் வாங்கவேண்டாம், வெறுங்காலோடுதான் நடக்குமாம்.

கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா? கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்கவேண்டாம். மாட்டுக்கொட்டகைத் தரையைப் பூசித் தரச் சொல்லுங்கள். போன மழையிலேயே பெயர்ந்து கிடந்தது.

இப்படிக்கு,
அன்புத் தம்பி