பாலத்தை நீயே தூக்கு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பாம்பனை வைத்து நீ செய்யும் கேமுக்கு ஏஐ வரைந்த படங்களைப் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தால் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களால் ஆன பிக்சல் ஆர்ட்தான். பெரிதாக்கினால் கட்டங்கள் பெரிசும் சிறிசுமாக இருக்கின்றன, ஓரமெல்லாம் மங்கல். ஏஐ கட்டம் போட்டு வரைவதில்லை. கட்டம் போட்ட படத்தின் சாயலை வரைகிறது. அதனிடம் ஒற்றைப் படம் கேள், அசைவைக் கேட்காதே. அசைவுக்கு அடுத்தடுத்து எட்டுப் படம், அதாவது எட்டு ஃபிரேம் கேட்டால் மீனவரின் சட்டை நிறம் நடுவில் மாறிவிடும்.

1024-க்கு 1024 படகுப் படத்தை 64-க்கு 64 ஆக்க, கட்டத்துக்கு 16-க்கு 16 பிக்சல் கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் அதிகம் இருக்கும் நிறத்தை எடுக்கும்படி பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றை ஏஐயையே எழுதச் சொல். சராசரி எடுத்தால் படத்தில் இல்லாத நிறம் முளைத்து, கோடு கலங்கிவிடும். பிறகு 16 நிறத்துக்குக் குறை. ஆல்ஃபா என்பது ஒளிபுகாத அளவு; அது 128-க்குக் கீழே இருந்தால் 0, மற்றதெல்லாம் 255. இல்லாவிட்டால் படகைச் சுற்றிப் பின்னணி நிறம் ஒட்டிக்கொண்டே வரும். இந்த மாதிரி வேலையில்தான் ஏஐ கெட்டி. ஆனாலும் ஃபைலின் நகலில் ஓட்டிப் பார்.

பாம்பன் ரயில் பாலத்தை ஏஐயிடம் கேட்கவே வேண்டாம். இரண்டாகப் பிளந்து திறக்கும் 1914 பாலத்தைத் தந்தாலும் தரும். 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நடுத்துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் எழும்புகிறது. ஒரு பிக்சலுக்கு அரை மீட்டர் என்றால் நீளம் 145, ஏற்றம் 34. அதற்காக 34 ஃபிரேம் வரைந்து உட்கார்ந்திருக்காதே. துண்டைத் தனி லேயராக்கி, ஸ்கிரிப்டில் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு பிக்சல் ஏற்று; 3.4 செகண்டில் மேலே போய்விடும். முழு எண்ணாகவே நகரட்டும், பின்னத்தில் நின்றால் கம்பிகள் மினுங்கும். கேமை ஓட்டும் கோடோ எஞ்சினில், கட்டங்கள் மங்காமலிருக்க டெக்ஸ்சர் ஃபில்டரை நியரஸ்ட் ஆக்கு.

படகு அசைய நாலு ஃபிரேம் போதும்: நடு, ஒரு பிக்சல் மேல், நடு, ஒரு பிக்சல் கீழ். படகுக்கு முன்னால் தண்ணீர்ப் பட்டை ஒன்றைத் தனி லேயராகப் போடு, இல்லையென்றால் படகு காற்றில் மிதக்கும். தனுஷ்கோடியில் அமைதியான பெண்கடலுக்கு ஃபிரேமுக்கு 250 மில்லிசெகண்ட், அலையடிக்கும் ஆண்கடலுக்கு 120 வைத்துப் பார். இரண்டுக்கும் ஒரே வேகம் வைத்தால் நம்மூர்க்காரன் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, அது அமுக்கிக் கெடுத்துவிடும். பிஎன்ஜி ஃபைலை டாக்குமெண்டாக அனுப்பு.

அப்பா
பாம்பன்