ரொட்டிக்கடை அம்மாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் அகழாய்வுக் குழியில் தண்ணீர் வற்றிவிட்டது. நேற்று மாலைதான் கடைசி வாளியை இறைத்தோம். உடம்பு வலி இன்னும் போகவில்லை, ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும். செவ்வாய் இரவு குழிக்குள் தண்ணீர் புகுந்ததைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதிப் பேர் முழங்கால் சேற்றில் என் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

நான் சொல்ல வந்தது புதன் விடியற்காலையைப் பற்றி.

குழியிலிருந்த ரோமானியர் காலக் கல்லறை மண்டபத்தின் சுவர்ப்பூச்சு முழுவதையும் மேலே கொண்டுவந்துவிட்டோம். அதற்கப்புறம்தான் எனக்குப் பயமே வந்தது. 1,600 ஆண்டுகளுக்கு மேல் ஈரமண்ணில் கிடந்த வண்ணக் காரைச் சில்லுகள் அவை. வேகமாகக் காயவைத்தால் உப்புப் பூத்து வண்ணம் உரிந்துவிடும். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். வண்ணப் பக்கம் மேலே தெரிய, ஒன்றோடொன்று உரசாமல், அடியிலும் காற்றுப் போகும்படி நிழலில் பரப்ப வேண்டும். எங்கள் தட்டுகள் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டன. மிச்சத்தைத் தள்ளுவண்டியில் துணி விரித்து வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அழவும் செய்தேன்.

ஐந்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. கிராமத்து ரொட்டிக்கடை அம்மா. டீ வாங்கப் போன எங்கள் பையன் கடையில் புலம்பியிருக்கிறான். "அடியில் ஓட்டை உள்ளதுதானே வேண்டும்?" என்றபடி பின்கதவைத் திறந்தார். ரொட்டி அடுக்குகிற பிளாஸ்டிக் தட்டுகள், 62. எத்தனை அடுக்கினாலும் நடுவில் காற்றோடும். அன்றைக்குக் கடை ரொட்டியை அட்டைப்பெட்டிகளில் போட்டு விற்றார் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

கொடுத்துவிட்டுப் போகவில்லை அவர். கை கழுவிவிட்டு வந்து என்னோடு பரப்ப ஆரம்பித்தார். உள்ளங்கை அகலச் சில்லு ஒன்றைத் திருப்பிக் காட்டினேன். முன்பக்கம் ஒரு சிவப்புப் பட்டை. பின்பக்கம், மேல்பூச்சு பிடிப்பதற்காகப் பூசியவர் அடிப்பூச்சில் விரலால் இழுத்த மூன்று கோடுகளின் அச்சு. அவர் தன் விரல்களை அந்தக் கோடுகளுக்கு மேலே, தொடாமல், பிடித்துப் பார்த்தார். "மாவு இறுகுவதற்குள் இப்படித்தான் இழுப்போம்" என்றார். நான்கு வருடமாகச் சுண்ணச்சாந்து படிக்கிறேன். பூசியவரின் அவசரம் எனக்கு அந்த நிமிடம் வரை தோன்றியதே இல்லை.

இந்தச் சில்லுகளுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டவர்களுக்கு: இங்கிலாந்தின் இதே கென்ட் பகுதியில், லல்லிங்ஸ்டோன் என்ற இடத்தில், ஏறக்குறைய கி.பி. 300-இல் இரண்டு இளவயதினரை ஈயப் பெட்டிகளில் வைத்துப் புதைத்து, மேலே கோயில் போல ஒரு மண்டபம் கட்டினார்கள். நாம் பள்ளிப்படை என்கிறோமே, கிட்டத்தட்ட அது. விளையாடக் கண்ணாடிக் காய்கள் 30-உம் கூட வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்திருப்பார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. அங்கிருந்த ரோமானியர் கால வீட்டின் சுவரோவியங்கள் கீழ் அறைக்குள் ஆயிரக்கணக்கான துண்டுகளாக விழுந்து கிடந்தன. 1949-இல் தொடங்கிய அகழாய்வில் அவற்றைப் பொறுக்கி, வருடக்கணக்கில் ஒட்டினார்கள். கை விரித்து வேண்டி நிற்கும் அந்த உருவங்களை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். யாரோ ஒருவர் ஒரு துண்டையும் விடாமல் பொறுக்கியதால் கிடைத்தது அது.

பம்பு கொண்டுவந்த விவசாயி, தார்ப்பாயோடு இரண்டு மணி நேரம் ஓட்டிவந்த நண்பர்கள், கொட்டகை கொடுத்த பக்கத்துப் பண்ணைக்காரர், லண்டனிலிருந்து புளிச்சாதம் கட்டி அனுப்பிய அக்காமார், இரவெல்லாம் டார்ச் பிடித்த முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்ல ஆரம்பித்தால் ஒருவரையாவது விட்டுவிடுவேன்.

ஒவ்வொரு சில்லுக்கும் எண் போட்டு வருகிறேன். வேறு வேலை கிடைத்தாலும், இந்தச் சுவரை ஒட்டி முடிக்காமல் இங்கிருந்து நகரமாட்டேன். இன்று காலை முதல் முறையாக இரண்டு சில்லுகள் பொருந்தின. சிவப்புப் பட்டை உள்ளதுதான் அதில் ஒன்று. முதலில் ரொட்டிக்கடைக்குத்தான் போன் செய்தேன். கடையை மூடிவிட்டு ஆறு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். காய்ந்து காலியான 14 தட்டுகளைக் கழுவி வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துப் போகட்டும்.