பிரண்டை கேப்ஸ்யூலும் அத்தையின் முட்டியும்

தருமபுரி

அன்புள்ள சாந்தி,

உன் கடிதமும் நீ மடித்து வைத்திருந்த விளம்பரத் தாளும் கிடைத்தன. ஓசூரில் குளிர் ஆரம்பித்துவிட்டதாம். இங்கே ஃபேன் இல்லாமல் இன்னும் தூங்க முடியவில்லை. பெரியவள் நர்சிங் முடித்துவிட்டாள். சின்னவன் வழக்கம்போல் போனும் கையுமாக. சரி, அத்தையின் முட்டி வலிக்கு இந்தப் பிரண்டை கேப்ஸ்யூலை வாங்கலாமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

'ஸ்டெம் செல்லைத் தூண்டி எலும்பை வளர்க்கும் பிரண்டை, ஆய்வில் நிரூபணம்' என்று அந்த விளம்பரத்தில் போட்டிருக்கிறான். ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். முழுப் பொய் என்றால் கிழித்துப் போட்டுவிடலாம். பிரண்டைச் சாறு பட்டதும் மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் பெருகின, எலும்புச் செல்லாக மாறின என்று ஆய்வுகள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் அந்த மஜ்ஜை எலியுடையது. மனித செல்லில் செய்ததும் பெரும்பாலும் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டுக்குள்தான். அதைத் தாளில் போடவில்லை பார்.

கோவையில் படித்தபோது அந்தத் தட்டுகளோடு கொஞ்ச காலம் இருந்தவள் நான். பிரசவத்துக்குப் பின் தூக்கி எறியும் தொப்புள்கொடியிலிருந்தே ஸ்டெம் செல் எடுக்கலாம். 37 டிகிரி சூடு, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புது ஊட்டத் திரவம் என்று கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலிகைப் பொடியை எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, ஆவியாக்கினால் கரும்பச்சையாக ஒரு பிசின் மிஞ்சும். அதில் துளியை மில்லிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அளந்து விடுவோம். பிறகு எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா அடர்த்தியாக இருந்தால் செல் அதிகம் என்று கணக்கு.

இங்கேதான் வேடிக்கை. தட்டில் செல்லே போடாத ஒரு குழியில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் விட்டுப் பார்த்தோம், அதுவும் ஊதாவானது! நம் மூலிகைகளில் பல ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்கள் நிறைந்தவை. செல்லின் உதவி இல்லாமல் தாங்களே சாயத்தை மாற்றிவிடும். செல் இல்லாத குழியையும் வைத்துச் சரிபார்க்காத ஆய்வில் 'வளர்ச்சி' என்று வந்தால் நான் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை.

அளவு இன்னொரு தொல்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் குறைந்த அளவில் ஸ்டெம் செல்லுக்கு நல்லது செய்கிறது, கொஞ்சம் கூடினால் அதே செல்லைக் கொல்கிறது. அதோடு வாய்வழியாகப் போகும் குர்குமினில் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். தட்டில் நேராக ஊற்றிய அளவு வயிறு, கல்லீரல் எல்லாம் தாண்டி முட்டி எலும்புக்குப் போய்ச் சேரும் என்று எதை வைத்துச் சொல்வது?

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது வேறு. உன் அத்தை பென்னாகரம் பக்கம், ஃப்ளோரைடு அதிகமுள்ள போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013-இல்தானே. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கும் தண்ணீரை வருஷக்கணக்காகக் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் கறை படியலாம். ஃப்ளோரைடு இன்னும் அதிகமானால் அதோடு நிற்பதில்லை. எலும்பு அடர்த்தியாகிக் கெட்டிப்படும், தசைநாரில் கால்சியம் படியும், குனிய நிமிர முடியாமல் போகும். அத்தைக்கும் அதுதான் என்றால் எலும்பை இன்னும் வளர்க்கும் மருந்து எதற்குடி? முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடு. போர் தண்ணீர் குடித்ததை மறக்காமல் சொல். ஓசூர் டாக்டருக்கு அவர் எந்த ஊர்க்காரர் என்று எப்படித் தெரியும்?

பிரண்டையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வேலியில் படர்ந்ததில் இளங்கணுவாகப் பறித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நன்றாக வதக்கிப் புளி வைத்து அரைத்தால் களிக்கு அவ்வளவு ருசி. துவையலாகத் தாராளமாகச் சாப்பிடட்டும். அந்த டப்பாவுக்குக் காசு கொடுக்காதே. வாங்கியே தீருவேன் என்று அத்தை பிடிவாதம் பிடித்தால், ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை மாத்திரையோடு சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்ட பிறகு வாங்கு.

எக்ஸ்ரே பார்த்து என்ன சொன்னார்கள் என்று எழுது.

உன்,
மல்லிகா