பல்வலி நின்றுவிட்டால் பல் சரியாகிவிட்டதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி எல்லாம் மாறி மாறி வருகின்றன. பல்லைப் பற்றி எப்போதாவது வந்தாலும் பற்கள் வெள்ளையாக என்ன செய்யலாம் என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. நான் மருந்துக் கடை வைத்திருப்பவன். எங்கள் ஊரில் பல்லுக்கு முதல் வைத்தியம் நடப்பது மருந்துக் கடையில்தான். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வருகிறவர் கையில் சீட்டு இருக்காது. பழைய அட்டையிலிருந்து வெட்டிய ஒரு துண்டை நீட்டி, "இதுல நாலு குடுங்க, போன தடவ இதுக்குத்தான் கேட்டுச்சு" என்பார். அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். அதைச் சொன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

மாத்திரை போட்டால் வீக்கம் வடிவதும் வலி குறைவதும் உண்மைதான். ஆனால் சொத்தை எனாமலைத் தாண்டி, பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கும் கூழை எட்டும்போதுதான் ராத்திரி தூங்கவிடாத அந்த வலி வரும். அப்புறம் ஒரு நாள் வலி சட்டென்று நின்றுவிடும். கிராம்பு எண்ணெய்க்குக் கேட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருந்த நரம்பு செத்திருக்கும், கூடவே ரத்தக் குழாய்களும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து மட்டும் எப்படிப் போய்ச் சேரும்? கிருமி அங்கேயே இருந்துகொண்டு, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகிறது. இந்த நிலையில் பல்லின் உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லை எடுக்க வேண்டும்.

கீழ்த்தாடையின் பின்கோடியிலுள்ள கடைவாய்ப் பற்களில்தான் ஆபத்து அதிகம். அவற்றின் வேர்கள் வாயின் அடித்தளத் தசைக்கும் கீழே இறங்கி நிற்பதால் அங்கே கட்டும் சீழ் நேராகத் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பரவுகிறது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு மூச்சையே அடைக்கலாம். 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த நோய் இது. இன்றும் அவர் பெயரால் 'லுட்விக் ஆஞ்சைனா' என்றுதான் அழைக்கிறார்கள். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு கொத்தனார் தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பல் கிளினிக் திறந்ததும் போய்க்கொள்வதாகச் சைகை காட்டினார். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன். அன்றே தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுத்திருக்கிறார்கள். சர்க்கரை இருப்பதே அவருக்கு அங்கேதான் தெரிந்ததாம்.

இது படிக்காதவர்கள், ஏழை நாடுகள் சம்பந்தப்பட்ட விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், சீழ் வைத்த பல்லிலிருந்து கிருமி மூளைக்குப் பரவி இறந்துபோனான். 80 டாலரில் பல்லைப் பிடுங்கியிருந்தால் தீர்ந்திருக்கும் என்று அங்குள்ள பத்திரிகைகள் எழுதின. சிகிச்சைக்கு ஆன செலவோ இரண்டு லட்சம் டாலருக்கும் மேல். அதற்குப் பிறகுதான் அங்கே ஏழைக் குழந்தைகளின் பல் சிகிச்சை பெரிய பேச்சானது.

நம் ஊரில் பணத்தைவிடப் பயம்தான் பெரிய தடை என்பேன். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும், கிளீன் செய்தால் பல் ஆடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இரண்டுமே தவறு. காரை படிந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்தான், காரையை எடுத்ததும் வெளியே தெரிகிறது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு குழப்பம். ஆறு வயது வாக்கில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே நினைக்கிறோம். அது நிலைப்பல். சொத்தையானால் வேறு முளைக்காது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு 'சொத்தை' என்று எழுதிக்கொடுத்தாலும், "விழுற பல்லுதானே" என்று அந்தச் சீட்டைப் பையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ராத்திரி படுக்கும் முன் ஃபுளோரைடு கலந்த பேஸ்டால் பல் துலக்குவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வலி இல்லாதபோதே, பல்லைக் காட்டிவிட்டு வருவதும் பெரிய காரியம் அல்ல. கரும்புள்ளியாக இருக்கும்போதே அடைத்தால் சில நூறு ரூபாயில் முடியும். வேர் சிகிச்சை என்று போனால் ஆயிரக்கணக்கில் ஆகும். சர்க்கரை உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது. முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாவிட்டால், இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டவாரியாக எந்தெந்த அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது, எந்த நாளில், எத்தனை மணிவரை பார்க்கிறார்கள் என்ற பட்டியலை ஒருமுறை வெளியிடுங்கள். வெட்டியெடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன். சீட்டு இல்லாமல் வருகிறவர்களிடம் அதைக் காட்டி அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
மன்னார்குடி.