குள்ளநரியும் குறுநரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுவயதில் பார்த்த கார்ட்டூன்கள் வளர்ந்த பிறகும் மனத்தைவிட்டு நீங்காதது ஏன் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அக்காலத்தில் பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லை, கிடைத்த ஒன்றையே எல்லோரும் பார்த்தார்கள், அதனால் பதிந்துவிட்டது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருபது ஆண்டுகளாகக் கேபிள் இணைப்புக் கொடுத்து வருபவன் நான். அவர் சொன்னதில் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1993இல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓநாய்களிடம் வளரும் சிறுவனைப் பற்றிய மோக்லி கார்ட்டூன் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் ஆன்டெனா தானாகத் திரும்பிக்கொள்ளும்; ஒருவர் ஓட்டின் மேல் ஏறிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, கீழேயிருப்பவர்கள் "வந்துருச்சு", "போச்சு" என்று கத்திக்கொண்டே இருப்போம். மேலே நின்றவன் படத்தைப் பார்க்க முடியாது, பாட்டை மட்டும் கேட்பான். பெரும்பாலும் அது நானாகத்தான் இருந்தேன். கிப்ளிங்கின் கதையை 1989இல் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 52 பகுதிகளாக எடுத்திருந்தது. நாங்கள் கேட்டதோ இந்தி. இங்கே ஐந்தாம் வகுப்பில்தான் இந்திப் பாடம் தொடங்கும் என்பதால் எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆயினும் குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அந்த முகப்புப் பாடலைத் தெருப்பிள்ளைகள் அனைவரும் தப்பும் தவறுமாக முழுதாகப் பாடினோம்.

ஆனால் 2007 ஏப்ரலில் குழந்தைகளுக்கான தமிழ்ச் சேனலாகச் சுட்டி டிவி வந்தபோது நிலைமை அப்படி இல்லை. எங்கள் கேபிளில் அப்போது தமிழ், மலையாளம், இந்தி, ஆங்கிலம் என்று அறுபது சேனல்களுக்கு மேல் ஓடின. பிள்ளைகளுக்குப் பார்க்க வேறு எவ்வளவோ இருந்தது. அப்படியும் மாலையில் இணைப்பு அறுந்தால் முதல் அழைப்பு, அதில் வந்த டோரா என்ற சிறுமியின் கார்ட்டூனுக்காகத்தான் வரும். "தம்பி, டோரா வரலீங்க, புள்ள சோறுங்க மாட்டேங்குது" என்று ஒரு பாட்டி நான் கம்பத்தின் மேல் நிற்கும்போதே மூன்று முறை அழைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைகள் இன்று இருபதைக் கடந்துவிட்டார்கள், டோராவை மறந்தபாடில்லை. வேறு வழியில்லாமல் பார்த்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது.

என் கணிப்பில், படத்தைவிடக் குரலே மனத்தில் தங்குகிறது. சென்ற பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் மகன் முறுக்கு டப்பாவில் ஓசைப்படாமல் கையை விட்டான். கோவையில் செவிலியராக வேலை பார்க்கும் அவனுடைய அக்கா, கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, கார்ட்டூனில் திருட வரும் நரியைத் தடுக்க டோரா சொல்லும் அதே ஏற்ற இறக்கத்தோடு "குள்ளநரி திருடக்கூடாது" என்று மூன்று முறை சொன்னாள். கை டப்பாவுக்குள் இருக்கும்போதே அவன் திருத்தினான்: "குறுநரி மோஷ்டிக்கருது." அவளுக்கு ஐந்து வயதுக்காலத்தில் வீட்டில் ஓடியது தமிழ் டோரா, 2011இல் மலையாளத்தில் கொச்சு டிவி வந்தபின் பார்க்கத் தொடங்கிய இவனுக்குத் தெரிந்தது மலையாள டோரா. இரண்டிலும் டோராவோடு வரும் குரங்கின் பெயர் புஜ்ஜிதான் என்றாலும், எந்த வாக்கியம் உண்மையான வாக்கியம் என்று சாப்பிட்டு முடியும் வரை இருவரும் விடவில்லை. 2000இல் அமெரிக்காவில் பிறந்த டோரா ஆங்கிலமும் ஸ்பானிஷும் பேசுபவள் என்று நான் சொன்னதை இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்குக் காரணம் அந்த நிகழ்ச்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. டோரா கேள்வி கேட்டுவிட்டுச் சில நொடிகள் பேசாமல் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த இடைவெளியில் வீட்டிலிருக்கும் குழந்தை வாய்விட்டுப் பதில் சொல்லும். இந்த உத்தி 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற நிகழ்ச்சியிலேயே இருந்தது. அதில் ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். சலித்துப்போவதற்குப் பதிலாக, நாள் ஆக ஆகக் குழந்தைகள் இன்னும் உரக்கவும் கூடுதலாகவும் பதில் சொன்னார்கள். கதை ஏற்கெனவே தெரிந்துவிட்ட பிறகு குழந்தை கேட்பது, அது சொல்லப்படும் விதத்தை. ஒரு வாக்கியத்தைக் காதால் கேட்டதோடு நில்லாமல் தன் வாயாலும் நூறு முறை சொல்லிவிட்டால், அது தன்னுடைய பேச்சாகவே ஆகிவிடுகிறது. மலையாள வழியிலும் ஆங்கில வழியிலும் படிக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் சிலருக்கு, வீட்டுப் பேச்சைத் தாண்டி நிறுத்தி நிதானமாகச் சொல்லப்பட்ட தமிழ் என்று காதில் விழுந்ததே அதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குரலின் மதிப்பு வியாபாரம் செய்பவர்களுக்குத் தெரியாததல்ல. 2016இல் டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' இந்தியில் வந்தபோது, தூர்தர்ஷனின் மோக்லி தொடரில் ஷேர்கான் என்ற புலிக்குக் குரல் கொடுத்த நடிகர் நானா படேகரையே மறுபடி அழைத்தார்கள். பழைய பாடலையும் அதே குல்சார், விஷால் பரத்வாஜ் இருவரைக் கொண்டு புதுப்பித்தார்கள். இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அப்படித் தேடி அழைக்க முடிந்ததற்குக் காரணம், அந்தக் குரல் யாருடையது என்பது ஊரறிந்த செய்தியாக இருந்ததுதான். தமிழில் பேசியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மொழிமாற்றக் கார்ட்டூன்களில் நான் பார்த்தவரை, முடிவில் ஓடும் ஆங்கிலப் பெயர்ப்பட்டியலில் தமிழ்க் குரலுக்குரியவரின் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. பட்டியலே பாதியில் வெட்டப்பட்டு விளம்பரம் வந்துவிடுவதுதான் பெரும்பாலும் வழக்கம்.

ஆகவே குழந்தைகள் சேனல்களை நடத்துவோருக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள்: பகுதியின் இறுதியில் ஐந்து நொடி ஒதுக்கி, குரல் கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழில் போடுங்கள். பழைய தொடரை மறுபடி ஒளிபரப்பினால் பழைய குரல்களோடே ஒளிபரப்புங்கள். மாற்றினால் என்னைத்தான் அழைத்து, பெட்டியில் ஏதோ கோளாறு என்கிறார்கள். தாங்களும் மனம் வைத்து, டோராவுக்கும் புஜ்ஜிக்கும் தமிழில் பேசியவர்களைத் தேடிப்பிடித்து ஞாயிறு இணைப்பில் ஒரு பேட்டி வெளியிடலாம். அக்கா மகளுக்காக அந்த இதழில் ஒரு பிரதி எடுத்துவைப்பேன். அவள் தம்பி வேண்டுமானால் மலையாளப் பத்திரிகைக்குத் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கேபிள் இணைப்பாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.